எண் இல்லாத கல்

சவரக்கத்தி தீட்டக் கல் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிரிட்?" ஆயிரமா, எட்டாயிரமா, பன்னிரண்டாயிரமா? கிரிட் என்பது தேய்க்கும் துகளின் நுண்மையைச் சொல்லும் எண்; எண் கூடினால் துகள் சிறிது. ஆலையில் செய்த கல்லுக்கு இந்தக் கேள்வி சரி. அங்கே உரைபொடியை அளவு பார்த்துப் பிரித்து, பிணைப்புப் பொருளோடு சேர்த்து, அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். எண் போட அவர்களுக்கு உரிமை உண்டு. மலையிலிருந்து வெட்டி எடுத்த சிலேட்டுக் கல்லுக்கு அப்படி எண் போட முடியாது. போட்டிருந்தால், விற்கிறவர் தன் வசதிக்குப் போட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் துரிங்கியாவில் இருக்கிறேன். ஜெர்மனியின் நடுவில், பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கம். ஜேனா நகரில் லென்ஸ் மெருகேற்றும் வேலை. கண்ணாடியை உரைபொடியால் தேய்த்து, அப்புறம் சீரியம் ஆக்சைடால் பளபளப்பாக்கி, கீறல் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா அங்கே சலூன் வைத்திருக்கிறார், தாத்தாவும் அதே தொழில்தான். அதனால் சவரக்கத்தி எனக்கு இங்கே வந்து பிடித்த பொழுதுபோக்கு இல்லை. ஆனால் சவரக்கத்தி உலகமே விழுந்து விழுந்து தேடும் கல் நான் வேலை பார்க்கும் ஊருக்குத் தெற்கே இருக்கும் மலையில் கிடைத்தது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜேனாவிலிருந்து தெற்கே சால்ஃபெல்ட் தாண்டி மலையேறினால் வீடுகளின் நிறம் மாறிவிடும். கூரை மட்டுமல்ல, சுவரும் கருநீலச் சிலேட்டு. மீன் செதில் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடித்திருப்பார்கள். இதுதான் துரிங்கியச் சிலேட்டு மலை. லெஹஸ்டன் கூரைச் சிலேட்டுக்குப் பேர் போனது. லௌஷா கண்ணாடி ஊதும் ஊர். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டை அங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் ஷ்டைனாக். இன்னும் கீழே இறங்கினால் பொம்மைக்குப் பெயர் பெற்ற சொன்னெபெர்க். 1901இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் இன்றும் அங்கே இருக்கிறது. பொம்மையை ஊர் ஊராக அனுப்பிய அந்தச் சொன்னெபெர்க் வியாபாரிகள் சிலேட்டையும் தீட்டுக்கல்லையும் கூடவே அனுப்பினார்கள்.

ஷ்டைனாக்கில் சிலேட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்கே நான் அதிக நேரம் நின்றது தீட்டுக்கல்லுக்கு முன்னால் அல்ல, சிலேட்டுக் குச்சிக்கு முன்னால். பல்பம்! ஒன்றாம் வகுப்பில் எழுதியதைவிடத் தின்றது அதிகம். அந்தக் குச்சிக்கான சிலேட்டு இரண்டு திசையில் பிளக்கும், அதனால் தட்டினால் தகடாகாமல் குச்சி குச்சியாக உடையும். மலை மேல் குடிசை போட்டு, கல் காய்ந்து கெட்டியாவதற்குள் அதை அறுத்து உருட்டினார்கள். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் அதற்கு வண்ணக் காகிதம் சுற்றினார்கள். தூசி நுரையீரலில் படிந்து பலர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீட்டுக்கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தும் இடத்தில் மறுபடி சொல்கிறேன்.

சவரக்கத்திக் கல்லில் பெரிய பெயர் எஷர். சொன்னெபெர்க்கில் இருந்த நிறுவனம், ஜே. ஜி. எஷரும் மகனும். கல்லின் முகத்தில் ஒரு சீட்டு, முனையில் இன்னொரு சின்னச் சீட்டு. முனைச் சீட்டில் நிறம் அச்சிட்டிருக்கும்: மஞ்சள் பச்சை, வெளிர் பச்சை, நீலப் பச்சை, கரு நீலம். கூடவே அதே கல்லில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்று, உரசுவதற்கு. அமெரிக்காவின் சலூன் மேசைகளில் இந்தக் கல் இருந்தது, ஐரோப்பா முழுக்க இருந்தது. 1903இல் ஜில்லெட் பிளேடு சந்தைக்கு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பையில் அந்த ரேசர் ஏறியது. வீட்டுக்கு வீடு சவரக்கத்தி என்ற காலம் அதோடு மெல்ல முடிந்தது. கத்தி போனால் கல் எதற்கு? அந்த அறுப்புத் தொழிலும் போன நூற்றாண்டின் நடுவாக்கில் நின்றுபோனது. இப்போது கையில் இருப்பதெல்லாம் பழைய கல். பரணில் கிடந்தது, தாத்தா இறந்த பிறகு பேரன் விற்றது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த இடுக்கியோடு கிடந்தது.

சீட்டு ஒட்டிய நல்ல எஷருக்கு நூற்றுக்கணக்கில் யூரோ கொடுக்கிறார்கள். சீட்டு இல்லாத கல் அதில் கால் பங்குக்கும் கிடைக்கும். என் கட்சி இரண்டாவது. அந்தச் சீட்டு தீட்டாது. மஞ்சள் பச்சைதான் உசத்தி, கரு நீலம் ஒரு படி கீழே என்று ஒரு சாதிப் பிரிவினை வேறு நடக்கிறது. என்னிடம் நீலப் பச்சையும் இருக்கிறது, கரு நீலமும் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு சவரம் செய்தால் எந்தக் கத்தி எந்தக் கல்லில் தீட்டியது என்று என் கன்னத்துக்குத் தெரியாது. ஒன்று கொஞ்சம் மெது, ஒன்று கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். இணையத்தில் ஒருவர் எஷர் என்று அனுப்பிய கல்லில் சீட்டு பழசு, பசை புதுசு. நனைத்து உரசினேன், கன்னங்கரேலென்று குழம்பு வந்தது. துரிங்கியக் கல்லின் குழம்பு வெளுப்பாக இருக்கும். திருப்பி அனுப்பினேன், முனகிக்கொண்டே பணத்தைக் கொடுத்தார்.

இந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது? முப்பது கோடி ஆண்டுக்கும் முன்னால் கடலடியில் படிந்த சேறு. மேலே மேலே பாரம் ஏறி, மலை மடியும்போது நசுங்கி, அபிரக வகைத் தகடுகள் ஒரே திசையில் படுத்துவிட்டன. அதனால்தான் சிலேட்டு தகடாகப் பிளக்கிறது. அந்தத் தகடுகளுக்கு நடுவே மைக்ரான் கணக்கில் மிக நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள். எஃகைத் தேய்ப்பது இந்தக் குவார்ட்ஸ். மெத்தென்று தாங்குவது அந்த அபிரகம். துகள் சிறிது, அதிலும் பாதி புதைந்து கிடக்கிறது. ஆகவே சிலேட்டு மெதுவாகத்தான் தேய்க்கும். பெல்ஜியத்தில் வீல்சால்ம் பக்கம் கிடைக்கும் கோட்டிகூல் கல் இன்னொரு வகை. மஞ்சள் வெண்ணெய் நிறம், உள்ளே கார்னெட் மணிகள் நெருக்கமாக. அது வேகம். சன்னப் படிவமாகவே கிடைப்பதால் பெரும்பாலும் கீழே சிலேட்டு ஒட்டித்தான் விற்பார்கள். வேல்ஸில் இத்வால், மெலின்லின் ஏரிப் பக்கமும் தீட்டுக்கல் வெட்டியிருக்கிறார்கள். அவற்றைத் தொட்டிருக்கிறேன், அதற்கு மேல் பழக்கமில்லை. அதனால் துரிங்கியக் கல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, கத்திக்கு வருவோம். சவரக்கத்தியின் அருமை அதன் முதுகில் இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்தால் போதும். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும். கோணத்தை, கத்திக்குப் பேர் போன ஜெர்மன் ஊரான சோலிங்கன்காரன் கத்தியை அடிக்கும்போதே முடிவு செய்துவிட்டான். 5/8 அங்குலக் கத்தி என்றால் அகலம் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். முதுகு நாலரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் விளிம்பில் சுமார் 16 டிகிரி வரும். தீட்டத் தீட்ட விளிம்பும் தேயும், முதுகும் தேயும், கோணம் அப்படியே நிற்கும். முதுகு தேயக் கூடாது என்று சிலர் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்வார்கள். தங்கப் பூச்சுப் போட்ட முதுகாக இருந்தால் நானும் ஒட்டுவேன். மற்றபடி அழகு பார்க்கிறவர்கள் விஷயம் அது.

சிலேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மொண்ணைக் கத்தியைச் சிலேட்டு கூராக்காது. விளிம்பில் பல் விழுந்த கத்தியைக் கொண்டுவந்து துரிங்கியக் கல்லில் பொழுது சாயும் வரை தேய்த்தாலும் பளபளப்பான மொண்ணைக் கத்திதான் கிடைக்கும். முதல் வேலை 1000 கிரிட் செயற்கைக் கல்லில். இரண்டு பக்கத்துச் சரிவும் முழு நீளத்துக்கும் சந்திக்க வேண்டும்; எங்கேயாவது சந்திக்காமல் விட்டால் அங்கே விளிம்பு வெளிச்சத்தில் வெள்ளைக் கோடாக மின்னும். கூர்மையான விளிம்புக்கு மின்ன இடமே இருக்காது. இதைப் பார்க்க என் ஆலை நுண்ணோக்கி வேண்டாம். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒரு மேசை விளக்கும் போதும். பிறகு 4000, 8000. இதெல்லாம் செயற்கைக் கல்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம்தான் சிலேட்டு. அது கடைசிப் பத்துப் பங்கில் ஒரு பங்கு வேலை.

கல்லைத் தயார் செய்வது தனி வேலை. பழைய கல் எல்லாம் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், ஏனென்றால் நாவிதர் கை நடுவில்தான் அதிகம் போகும். தடிமனான கண்ணாடியின் மேல் ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை ஒட்டி, பென்சிலால் கல்லின் மேல் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும் வரை தேய்க்க வேண்டும். முதலில் 220, அப்புறம் 400, அப்புறம் 800. எப்போதும் ஈரத்தில். உலர்ந்த சிலேட்டைத் தேய்க்காதீர்கள்; குவார்ட்ஸ் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஷ்டைனாக் குச்சிக்காரர்களுக்கு ஆன கதி அதுதான். ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கல்லின் கூரான ஓரத்தில் கத்தி ஒருமுறை ஏறினால் அரை நாள் வேலை போச்சு. அப்படியே நகத்தால் மேற்பரப்பை நெருடிப் பாருங்கள். வெள்ளை நரம்பு ஏதாவது குறுக்கே ஓடி நகத்தில் தட்டினால், அந்த இடத்தில் கத்தி போகக் கூடாது.

இப்போது தீட்டுவது. கல்லை நனைத்து, சமையலறைத் தொட்டியின் குறுக்கே போட்ட பலகையில் வைக்கிறேன். சின்னத் துண்டை எடுத்து, சந்தனம் இழைப்பது போல, கொஞ்சம் தண்ணீர் விட்டு வட்டம் வட்டமாக உரசினால் வெளுத்த குழம்பு எழும். மோர் பதம் வந்தால் போதும், தயிர் பதம் வேண்டாம். என் கல் முக்கால் சாண் நீளம், கத்தியின் அலகு நீளத்தைவிட அகலம் குறைவு. ஆகவே கத்தியை நேராகத் தள்ள முடியாது. பிடிப்பக்கத்தில் தொடங்கி நுனிப்பக்கத்தில் முடிகிற மாதிரி குறுக்காக இழுத்துக்கொண்டே தள்ள வேண்டும். விளிம்பு முன்னால் போகும், முதுகு பின்னால் வரும். கல்லின் கோடியில் கத்தியைத் திருப்ப வேண்டும், திருப்பும்போது முதுகு கல்லை விட்டு எழவே கூடாது. முதுகின் மேல் புரட்டுங்கள். விளிம்பின் மேல் புரட்டினால் தீட்டியது அத்தனையும் அதே நொடியில் போய்விடும். பாரம்? கத்தியின் சொந்தப் பாரம் போதும். விரல் நகம் வெளுக்கிற அளவு அழுத்தினால் அது அதிகம்.

கொஞ்ச நேரத்தில் அந்த வெளுத்த குழம்பு சாம்பல் நிறமாகும். அது எஃகு. கல் வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அத்தாட்சி. இந்த இடத்தில் என் தொழில் எனக்கு உதவியது. லென்ஸைத் தேய்க்கும்போது தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பொடி உருண்டு ஓடும். உருளும் துகள் கீறாது, குத்திக் குத்திப் பெயர்க்கும். அதனால் கண்ணாடி பனி பிடித்தது போல் மங்கலாகும். குழம்பில் தீட்டிய கத்தியின் சரிவும் அப்படியே மங்கலாக இருக்கும். அதே துகள் கத்தியின் விளிம்பில் மோதவும் மோதும். விளிம்பு முன்னால் போய்க் குழம்பைக் கிழிக்கிறது அல்லவா, வரும் துகள் எல்லாம் அதன் மேல்தான் விழுகிறது. குழம்பு வேகத்தைக் கூட்டுகிறது, கூர்மைக்கு ஒரு வரம்பும் கட்டுகிறது. குழம்பிலேயே முடித்த கத்தி மீசையில் நிற்கும், வெட்டாது.

எனவே தண்ணீர். விரலை நனைத்து இரண்டு சொட்டு விடுவேன், கொஞ்ச நேரம் தீட்டுவேன், மறுபடி இரண்டு சொட்டு. குழம்பு மோரிலிருந்து நீர்மோராகும், அப்புறம் வெறும் கலங்கல் தண்ணீராகும். உருண்டுகொண்டிருந்த துகள் போகப்போக, கல்லின் மேற்பரப்பில் பதிந்து நிற்கும் துகள்தான் எஃகைத் தொடும். பதிந்த துகள் ஆழமாகக் குத்தாது, மேலோடு உரசிவிட்டுப் போகும். சரிவு மங்கலிலிருந்து கண்ணாடியாக மாறுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கல் அதே கல்தான். தண்ணீர் சேரச்சேர அது நுண்மையாகிக்கொண்டே போகிறது. துரிங்கியக் கல்லுக்கு எண் கேட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த நிமிடத்தின் எண்ணைச் சொல்வது? கெட்டிக் குழம்பில் ஒரு எண், கலங்கலில் ஒரு எண், குழாய்த் தண்ணீரில் ஒரு எண். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள் குழம்பை ஒரே கழுவாகக் கழுவிவிடுவார்கள். அப்படிச் செய்தால், குழம்பு விட்ட மங்கலை மெதுவான சிலேட்டு தேய்த்துப் போக்க வெகுநேரம் ஆகும். பாதியிலேயே கை சலித்துவிடும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

கடைசியில் குழாயை மெல்லியதாகத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் தீட்டுகிறேன். கைக்கு வரும் செய்தி இங்கே மாறும். முதலில் மணல் மணலாக ஒரு சத்தம் இருந்தது, இப்போது இல்லை. விளிம்புக்கு முன்னால் தண்ணீர் ஒரு சன்ன வரப்பாகக் குவிந்து, கத்தியோடு சேர்ந்தே ஓடும். நுனியில் அந்த வரப்பு உடைந்தால் நுனி கல்லில் படவில்லை என்று அர்த்தம்; பிடிப்பக்கம் உடைந்தால் கையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். எந்தப் புத்தகமும் வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் போனால் கத்தி கல்லை விட்டு எழ மறுக்கும். இரண்டு சமமான வழுவழுப்பு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிப்பு வந்து கொஞ்ச நேரம் கழித்து நான் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் தீட்டினால் நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை.

கூர் பார்க்க ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு அதன் மேல் கத்தியை வைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. முடி பட்டென்று அறுந்தால் தேர்ச்சி. படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் முடி தடிமன், ஒருவர் முடி பூஞ்சை. குளித்த முடி வேறு, எண்ணெய் வைத்த முடி வேறு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது போனில் சிரித்தார்.

"நெகத்துல வச்சுப் பாத்தியாய்யா?"

"பாத்தேன்ப்பா."

"வழுக்குதா, பிடிக்குதா?"

"மெதுவா பிடிக்குதுப்பா. கரகரன்னு இல்ல."

"அப்ப வாருல போடு. முடியெல்லாம் என்னத்துக்கு வெட்டிக்கிட்டிருக்க."

கட்டைவிரல் நகத்தை நனைத்து, விளிம்பை அதன் மேல் பாரமே இல்லாமல் இழுப்பது. எங்கள் சலூனில் பார்த்த ஒரே சோதனை இதுதான். பல் இருந்தால் அந்த இடத்தில் தடுக்கும், மொண்ணையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், பதமாக இருந்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி சீராகப் பிடிக்கும். இதைச் சிலேட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும், அதாவது செயற்கைக் கல் முடிந்தவுடன். சிலேட்டுக்குப் பிறகு செய்தால் நகமே விளிம்பைக் கொஞ்சம் கெடுக்கும். அப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை.

வார் போடுவதில், அதாவது கல்லுக்குப் பிறகு கத்தியைத் தோல் பட்டையில் இழுப்பதில், மட்டும் நாங்கள் ஒரே கட்சி. கல்லில் விளிம்பு முன்னால், வாரில் முதுகு முன்னால். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். முதலில் துணி வார், அப்புறம் தோல். தாத்தாவின் வார் நாற்காலிக் கையில் மாட்டியிருக்கும். எருமைத் தோல், எண்ணெய் ஊறிக் கறுத்தது. இப்போது ஊரில் எல்லாச் சலூனிலும் பாதி பிளேடு செருகும் கத்திதான். ஆளுக்கொரு புது பிளேடு, நோய் தொற்றாது. பொதுக்கடைக்கு அதுதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கல்லில் தீட்டிய கத்தி உங்கள் வீட்டில் உங்கள் முகத்துக்கு மட்டும். இரண்டு பேர் பங்குபோடக் கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

சவரம் எப்படி இருக்கும் என்று கேட்டால், செயற்கைக் கல்லில் மிக நுண்ணியதில் முடித்த விளிம்பு இதைவிடக் கூராகவே இருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த விளிம்பில் எனக்குக் கழுத்து எரியும், படிகாரம் தடவினால் கண்ணில் தண்ணீர் வரும். சிலேட்டு விளிம்பு முடியை வெட்டும், தோலைத் தொந்தரவு செய்யாது. இது என் தோலின் தீர்ப்பு. தடிமனான, சுருண்ட தாடி உள்ள நண்பர் ஒருவர் செயற்கைக் கல்லில்தான் முடிக்கிறார், அவருக்குச் சிலேட்டு விளிம்பு இழுக்கிறதாம்.

தாடி முடி எஃகைவிட எவ்வளவோ மெது. பின் ஏன் கத்தி மழுங்குகிறது? 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழேயே பிளேடால் முடியை வெட்டிப் பார்த்தார்கள். விளிம்பு சீராகத் தேய்வதைவிட, சில இடங்களில் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது என்று கண்டார்கள். முடி கோணலாக வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடத்தில் அந்தச் சில்லு தெறிக்கிறது. அவர்கள் பார்த்தது கடை பிளேடு. ஆனால் படித்த பிறகு நான் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் வெந்நீரில் ஊறவைக்கிறேன். ஊறிய முடி இளகும், விளிம்புக்குப் பாரம் குறையும்.

ஊறவைத்தும் நாளடைவில் கத்தி இழுக்கத்தான் செய்யும். அப்போது 1000க்குப் போக வேண்டியதில்லை. குழம்பும் வேண்டாம். வெறும் தண்ணீரில் சிலேட்டில் கொஞ்ச நேரம், பிறகு வார். தினமும் சவரம் செய்கிறவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இது போதும். சிலேட்டு மெதுவாகத் தேய்ப்பது இந்த இடத்தில் நமக்குச் சாதகம். கத்தி பேரன் காலம் வரை வரும்.

ஊரில் இருக்கிறவர்கள் துரிங்கியக் கல்லுக்கு அலைய வேண்டாம். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கல்லைவிட அதிகமாகும். சீனாவில் குவாங்சிப் பக்கத்துக் கல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. பன்னிரண்டாயிரம் என்று எண் போட்டு விற்பார்கள். எண்ணை மறந்துவிட்டுக் கல்லை வாங்குங்கள். துரிங்கியக் கல்லைவிடக் கெட்டி, இன்னும் மெதுவாகத் தேய்க்கும், ஆனால் மேலே சொன்ன குழம்பும் தண்ணீரும் அதற்கும் அப்படியே பொருந்தும். வீட்டில் கிடக்கும் கடப்பா கல்லில் தீட்டலாமா என்று உறவில் ஒருவர் கேட்டார். கறுப்பாகப் பலகை பலகையாக இருப்பதால் சிலேட்டு என்று நினைக்கத் தோன்றும். அது சுண்ணாம்புக்கல். எஃகைத் தேய்க்கும் அளவுக்கு அதில் குவார்ட்ஸ் கிடையாது, எலுமிச்சம்பழம் பட்டால் பொரிந்து வெளுக்கும் என்பது சமையல்மேடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சிலேட்டுக்குப் பெயர் போன ஆந்திராவின் மார்க்காபூர்க் கல்லை ஒருநாள் சோதித்துப் பார்க்க ஆசை உண்டு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சட்டம் போடாத துண்டு ஒன்று வாங்க வேண்டும், நரம்பு ஓடாத துண்டாக.

வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி, துடைத்து, பக்கவாட்டில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மரப்பெட்டியில் மூடினால் பெட்டி உப்பும், பழைய சீட்டு இருந்தால் அதுவும் உரியும். எண்ணெய் விடவே வேண்டாம், இது தண்ணீர்க் கல். கத்திக்குத்தான் எண்ணெய். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும், இங்கே குளிர்காலத்தில் அது உறைந்துவிடுவதால் நான் பாரஃபின் எண்ணெய் வைத்திருக்கிறேன்.